பழைய பீரோவுக்கு வீட்டிலேயே ஸ்ப்ரே பெயின்ட்: முதல்முறை இறங்குபவர்களுக்கு

மூன்று வீடு மாறி, ஒவ்வொரு மாடிப்படியிலும் இடிபட்டு, ஆயுத பூசைக்கு ஆயுத பூசை சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்ட ஸ்டீல் பீரோ நம்மில் பலர் வீட்டில் நிற்கிறது. தகடு கெட்டியாகவே இருக்கும். பெயின்ட் மட்டும் உரிந்து, கால் பக்கம் துருவேறியிருக்கும். அதைப் பழைய விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை. பிரஷ்ஷால் அடித்தால் அவ்வளவு பெரிய தகட்டில் கோடு கோடாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் கையில் பிடித்து அடிக்கும் மின்சார ஸ்ப்ரே கன் ஒன்று இருந்தால், இரண்டு மூன்று விடுமுறை நாட்களில் புதிது போல ஆக்கிவிடலாம்.

எங்கள் வீட்டுப் பீரோவை அப்படித்தான் செய்தேன். அப்புறம் நான்கு பிரம்பு நாற்காலிகள், ஒரு மர ஷெல்ஃப். இவற்றில் நான் கற்றுக்கொண்டதில் பெரிய விஷயம் ஒன்றே ஒன்று: பெயின்ட்டின் பதம். அதிரசத்துக்குப் பாகு வைப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள், பாகு பதம் தவறினால் மாவு எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை என்று. ஸ்ப்ரே கன்னும் அப்படித்தான். மெஷின் சரியில்லை என்று பலர் மூலையில் போட்டுவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பதம் தவறியதுதான்.

மெஷின் எப்படி வேலை செய்கிறது

பெயின்டர்கள் கம்ப்ரஸரோடு கொண்டுவரும் கன் வேறு. வீட்டு உபயோகத்துக்கு வருவது எச்.வி.எல்.பி. வகை. அதிகக் காற்று, குறைந்த அழுத்தம் என்று பொருள். உள்ளே ஒரு சின்ன மோட்டார் விசிறியைச் சுழற்றி, வாக்குவம் கிளீனரைத் திருப்பிப் போட்டது மாதிரி காற்றை வெளியே தள்ளும். அந்தக் காற்றில் ஒரு பகுதி மெல்லிய குழாய் வழியாகக் கீழே இருக்கும் டப்பாவுக்குள் போய்ப் பெயின்ட்டை அழுத்தும். அழுத்தப்பட்ட பெயின்ட் உறிஞ்சுகுழாய் வழியாக மேலேறி, நாசில் என்ற முனைத் துளைக்கு வந்து, மீதிக் காற்றில் சிதறித் துளியாகும்.

இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது பின்னால் உதவும். டப்பா மூடி சரியாக இறுகாவிட்டாலோ, அந்த மெல்லிய காற்றுக் குழாயில் பெயின்ட் ஏறி அடைத்துக்கொண்டாலோ, மோட்டார் சத்தமாக ஓடும், பெயின்ட் மட்டும் வராது. புதிதாக வாங்கியவர்கள் மிரண்டுபோகும் இடம் இது.

வாங்கும்போது மோட்டார் கைப்பிடியிலேயே இருக்கும் ரகமும், தரையில் வைத்துக் குழாய் இழுத்துக்கொள்ளும் ரகமும் கண்ணில் படும். ஒரு பீரோ, சில நாற்காலிகள் என்றால் முதல் ரகமே போதும். டப்பா பெரும்பாலும் 800 மில்லி கொள்ளும். முழுக்க நிரப்பினால் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கும். பாதி நிரப்பி அடிப்பதே நல்லது. நாசில் அளவையும் கவனியுங்கள். எனாமலுக்கும், அதற்கு முன் அடியில் அடிக்கும் பிரைமருக்கும் 1.5 முதல் 1.8 மி.மீ. வரை சரி. சுவருக்கு அடிக்கும் கெட்டியான எமல்ஷனுக்கு 2.5 மி.மீ. பக்கம் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஸ்ப்ரே வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சுவருக்கு ரோலர்தான் நல்லது. தரை, ஜன்னல், ஸ்விட்ச் போர்டு, ஃபேன் எல்லாவற்றையும் மூடி மறைக்கும் நேரத்தில் ரோலரால் அடித்தே முடித்துவிடலாம். ஜன்னல் கம்பிக்கும் பிரஷ்தான். கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் பாதிப் பெயின்ட் காற்றோடு போய்விடும். அகலமான தகடு, பிரஷ் நுழையாத பிரம்புப் பின்னல், பலகை அடுக்கிய ஜன்னல் கதவு, இவைதான் ஸ்ப்ரேக்கு ஏற்ற வேலைகள்.

எந்தப் பெயின்ட், எந்தத் தின்னர்

பீரோவுக்குச் சாதாரண சின்தெட்டிக் எனாமல் போதும். அதைக் கலக்கும் கரைப்பான் மினரல் டர்பன்டைன். கடையில் 'டர்பன்' என்று கேட்டால் கொடுப்பார்கள். இங்கே தயவுசெய்து கவனமாக இருங்கள்: என்.சி. தின்னர் என்று வேறொன்று உண்டு. சீக்கிரம் காயும் என்று யாராவது அதைச் சிபாரிசு செய்வார்கள். அது மிக எளிதில் தீப்பிடிக்கும் ஆவியைக் கிளப்பும். மோட்டார் உள்ளே தீப்பொறி விடக்கூடிய மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த ஆவிக்கு நடுவே நிற்கக் கூடாது. உங்கள் மெஷினின் கையேட்டில், எவ்வளவு வெப்பநிலைக்கு மேல் தீப்பற்றும் திரவங்களை மட்டும் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கும். டர்பன் டின்னில் உள்ள எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சந்தேகம் இருந்தால் தண்ணீரில் கரையும் எனாமல் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு டின்களாக வந்து கலந்து அடிக்கும் பி.யு. பெயின்ட்டையும் வீட்டில் ஸ்ப்ரே செய்யாதீர்கள். அதன் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பாதிக்கும். தக்க பாதுகாப்புக் கருவிகள் உள்ள பட்டறைக்கான வேலை அது.

அளவு என்று பார்த்தால், ஆறரை அடி உயரப் பீரோவின் முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, மேல்தட்டு எல்லாம் சேர்த்து 45 சதுர அடி போல வரும். இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் எனாமல், அடியில் அடிக்க அரை லிட்டர் ரெட் ஆக்சைடு மெட்டல் பிரைமர், கழுவுவதற்கும் சேர்த்து ஒரு லிட்டர் டர்பன் வாங்கினால் பெரும்பாலும் போதும்.

பீரோவைத் தயார் செய்வது

கைப்பிடி, பெயர்ப்பட்டை, கழற்ற முடிகிற பூட்டுத் தகடு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஸ்க்ரூக்களை ஒரு டம்ளரில் போட்டு வைக்கலாம். கண்ணாடியைக் கழற்ற முடியாவிட்டால் பிறகு மூடிக்கொள்ளலாம்.

அடுத்து, சோப்புத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். இதைச் சடங்குக்குச் செய்துவிட்டுப் போனால் பிறகு வருந்த வேண்டியிருக்கும். கைப்பிடியைச் சுற்றி ஒரு சாண் இடத்தைக் கிட்டப்போய்ப் பாருங்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு பல வருடம் திறந்து மூடியதில் தகடே பளபளவென்று இருக்கும். அந்தத் தேங்காய் எண்ணெய்ப் படலம் துளி மிச்சமிருந்தாலும், மேலே விழும் பெயின்ட் ஒட்டாமல் விலகி, மீன் கண் மாதிரி வட்ட வட்டமாகக் குழி விழும். சந்தனம், குங்குமம் வைத்த இடமும் அப்படித்தான். ஸ்டிக்கர் பசையைக் கொஞ்சம் டர்பனால் துடைத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தை மறுபடி சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

காய்ந்தபின் துருவுள்ள இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, 80 நம்பர் எமரியால் தேய்த்து வெள்ளைத் தகடு தெரியும்வரை எடுங்கள். நல்ல பெயின்ட் இருக்கும் இடத்தை முழுக்க உரிக்க வேண்டாம். பளபளப்பு போய் மங்கலாகும்வரை 220 நம்பர் தாளால் தேய்த்தால் போதும், புதுப் பெயின்ட் பிடித்துக்கொள்ளும்.

தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளைப் பயன்படுத்துங்கள். தூசு பறக்காது என்பது மட்டும் காரணமில்லை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூசு குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். தேய்த்த சேற்றை ஈரத்துணியால் வழித்தெடுத்துப் பையில் கட்டிப்போடுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

பள்ளம், கீறல் இருந்தால் மெட்டல் பட்டி வைத்துச் சமன் செய்யலாம். கடைசியாக டர்பனில் நனைத்துப் பிழிந்த பனியன் வேஸ்ட்டால் ஒருமுறை துடைத்து உலரவிடுங்கள். அதற்குமேல் வெறுங்கையால் தொடக் கூடாது.

இடமும் நாளும்

வீட்டுக்குள் அடிக்க வேண்டாம். மூன்று பக்கம் மறைவும் ஒரு பக்கம் திறப்பும் உள்ள கார் ஷெட், போர்டிகோ மாதிரி இடம் நல்லது. பழைய புடவைகளைத் திரையாகக் கட்டி, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசு கிளம்பாது. வயரும் பிளக்கும் ஈரத்தில் படாமல் உயரத்தில் இருக்கட்டும். பக்கத்தில் அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியக் கூடாது.

ஸ்ப்ரே செய்யும்போது பொருளில் ஒட்டாத துளிகள் புகை மாதிரி மிதந்து போய் எங்கேயோ உட்காரும். முதல் தடவை நான் மொட்டை மாடியில் வைத்து அடித்தேன். காற்று அவ்வளவாக இல்லை என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டு ஸ்கூட்டரைக் காட்டினார். சீட்டில் கை வைத்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது, முழுக்க நீல நிறத்தில் மிக நுண்ணிய புள்ளிகள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து துடைத்துக் கொடுத்தேன். அதிலிருந்து அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லி, வண்டிகளை நகர்த்தி, கொடியில் காயும் துணிகளை எடுக்கச் சொன்ன பிறகுதான் மெஷினைத் தொடுகிறேன்.

மாதம் பார்த்து அடிப்பதும் முக்கியம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், பெயின்ட் துளி எம்மாத்திரம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் ஈரப்பதமும் காயவிடாது. சித்திரை வெயிலில் தகடு சுடும், துளி போய்ச் சேர்வதற்குள்ளேயே பாதி காய்ந்துவிடும். தை, மாசிதான் எனக்குப் பிடித்த காலம். காலையில் பனி ஈரம் போய்த் தகடு தொட்டால் உலர்ந்திருக்கும்போது, எட்டரை மணி வாக்கில் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்துவிடலாம். சென்னை, கடலூர், நாகை பக்கம் இருப்பவர்கள் கடற்காற்று எழுவதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

மாஸ்க் பற்றி ஒரு வார்த்தை. என்95 மாஸ்க் துளிகளைத் தடுக்கும், டர்பன் ஆவியைத் தடுக்காது. இரண்டு பக்கமும் கார்ட்ரிட்ஜ் வைத்த, கரைப்பான் ஆவிக்கு என்று குறிப்பிட்ட மாஸ்க் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். அதையும் கண்ணாடியையும் கையுறையையும் வாங்காமல் மெஷினை மட்டும் வாங்காதீர்கள்.

பதம்

இனி முக்கியமான கட்டம். டின்னைத் திறந்ததும் அடிவரை குச்சி விட்டு ஐந்து நிமிடம் கிளறுங்கள். நிறம் தரும் பொருள் எல்லாம் அடியில்தான் படிந்திருக்கும். வேண்டிய அளவை வேறு பாத்திரத்தில் ஊற்றி, ஒரு லிட்டருக்கு 200 மில்லி என்ற கணக்கில் டர்பன் சேர்த்துக் கலக்குங்கள். பிறகு வடிகட்டுங்கள். இதற்குப் பழைய நைலான் புடவைத் துண்டு அருமையாக வேலை செய்யும். பருத்தித் துணி வேண்டாம், அதன் பிசிறே உள்ளே போய் நாசிலை அடைக்கும்.

மெஷினோடு அடியில் ஓட்டையுள்ள ஒரு சின்னப் பிளாஸ்டிக் கோப்பை வந்திருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பதம் பார்க்கும் கருவியே அதுதான். பெயின்ட்டில் முக்கி நிரப்பி, மேலே தூக்கிய நொடியிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். முதலில் நூல் பிடித்த மாதிரி ஒரே தாரையாக ஒழுகும். அந்தத் தாரை அறுந்து சொட்டுச் சொட்டாக மாறும் நொடியில் நிறுத்துங்கள். எத்தனை விநாடி என்பதுதான் பதம். எந்தப் பெயின்ட்டுக்கு எத்தனை விநாடி என்று கையேட்டில் அட்டவணை இருக்கும். என் மெஷினில் எனாமலுக்கு 25 முதல் 30 விநாடிக்குள் வந்தால் அழகாக விழுகிறது. அதிகமானால் இன்னும் 20 மில்லி டர்பன் விட்டு, கலக்கி, மறுபடி எண்ணுங்கள். ஒரேயடியாக ஊற்றிவிடாதீர்கள். நீர்த்துப்போனால் புதுப் பெயின்ட் சேர்த்தால்தான் சரியாகும்.

கோப்பை தொலைந்துவிட்டால் குச்சியை முக்கித் தூக்கிப் பாருங்கள். திட்டுத் திட்டாக விழுந்தால் கெட்டி. தண்ணீர் மாதிரி ஓடிக் குச்சி வெளுத்துத் தெரிந்தால் நீர்ப்பு. காய்ச்சாத பசும்பால் ஏடு மாதிரி குச்சியை மூடிக்கொண்டு, ஒரே சீராக வழிந்தால் சரி. காலையில் பார்த்த பதம் வெயில் ஏறியதும் மாறும் என்பதால், டப்பாவை ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் பழகிவிட்டு அடிப்பது

ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி மாதிரி பெரிதாக ஒன்றை நிறுத்திவைத்து முதலில் அதில் அடியுங்கள். நாசிலைச் சுற்றியுள்ள மூடியில் காது மாதிரி இரண்டு நீட்டல்கள் இருக்கும். அவற்றிலிருந்து வரும் காற்று பெயின்ட் தாரையை இரு பக்கமும் அமுக்கித் தட்டையாக்கும். காதுகள் இடம் வலமாக இருந்தால் பட்டை செங்குத்தாக விழும், அப்போது கையைப் பக்கவாட்டில் ஓட்டுங்கள். காதுகள் மேல் கீழாக இருந்தால் பட்டை படுக்கையாக விழும், கை மேலிருந்து கீழே போக வேண்டும். சாய்வாகத் திருப்பினால் வட்டமாக விழும், மூலை முடுக்குக்கு அது. பெயின்ட் அளவுக்கு ஒரு திருகு இருக்கும். குறைவாக வைத்துத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

டப்பாவுக்குள் இருக்கும் உறிஞ்சுகுழாயின் வளைவையும் பாருங்கள். மேல்தட்டு மாதிரி கீழ்நோக்கி அடிக்கும்போது அது முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். அண்ணாந்து அடிக்கும்போது பின்பக்கம். இல்லாவிட்டால் டப்பாவில் பெயின்ட் இருக்கும்போதே காற்றை உறிஞ்சிக் 'கக்' 'கக்' என்று துப்பும்.

கண்ணாடியையும் சாவித்துளையையும் மாஸ்கிங் டேப்பும் செய்தித்தாளும் வைத்து மூடுங்கள். தாள் இரண்டு மடிப்பாக இருக்கட்டும், ஒற்றைத் தாளில் ஈரம் ஊறிவிடும்.

அடிக்கும்போது நாசிலுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, ஆறிலிருந்து எட்டு அங்குலம் இடைவெளி இருக்கட்டும். அந்த இடைவெளி கடைசிவரை மாறக் கூடாது. மணிக்கட்டை மட்டும் ஆட்டினால் நடுவில் கெட்டியாகவும் ஓரத்தில் லேசாகவும் விழும். தோளிலிருந்து முழுக் கையும் நகர வேண்டும், தேவைப்பட்டால் கூடவே ஓர் அடி நடந்துவிடுங்கள். கையை நகர்த்தத் தொடங்கியபின் ட்ரிகரை அழுத்துங்கள். பீரோவின் ஓரத்தைத் தாண்டியபின் விடுங்கள். நின்ற இடத்தில் அழுத்தினால் அந்த இடம் உடனே வடியும். ஒவ்வொரு பட்டையும் முந்தைய பட்டையின் பாதியை மூட வேண்டும்.

முதலில் மேல்தட்டு, அப்புறம் கதவின் உள் ஓரங்கள், பக்கவாட்டு, கடைசியில் முன்பக்கம். எப்போதும் கண்ணில் படுவது முன்பக்கம் என்பதால், கை பழகிய பிறகு அதற்கு வருவது நல்லது.

பிரைமரை ஒரு கோட் அடித்து மறுநாள் 320 நம்பர் தாளால் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். எனாமலில் முதல் கோட் மூடியே ஆக வேண்டும் என்ற அவசரம் கூடாது. அடியிலுள்ள பிரைமர் மங்கலாகத் தெரிகிற அளவுக்குத்தான் அது இருக்க வேண்டும். ஓர் இரவு காயவிட்டு, 400 நம்பர் தாளால் தண்ணீர் தொட்டு மெல்லத் தேய்த்து, துடைத்து, இரண்டாவது கோட். கை கடந்துபோன பட்டையை வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்ந்து பாருங்கள். ஈரமாக, முழுசாக மின்னினால் வேகம் சரி. மங்கலாகப் பொடி தூவியது போல இருந்தால் கை வேகமாகப் போகிறது, அல்லது தூரம் அதிகம்.

ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக மேடு பள்ளம் வந்தால் பெயின்ட் கெட்டி, பதத்தைத் திரும்பப் பாருங்கள். வடிந்துவிட்டால் ஈரத்தில் விரலை வைக்காதீர்கள். இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டு, தாளால் தேய்த்துச் சமன் செய்து அந்த இடத்தில் மட்டும் மறுபடி அடிக்கலாம். ஓரமாய் உட்கார்ந்த கொசுவையும் அப்படியே விட்டுவிடுங்கள், காய்ந்தபின் தட்டினால் பெரும்பாலும் சின்னத் தழும்போடு உதிர்ந்துவிடும்.

கழுவுவது

டீ குடித்துவிட்டு வந்து கழுவலாம் என்று நினைக்காதீர்கள். கடைசிப் பட்டை அடித்த கையோடு பிளக்கைப் பிடுங்கி, மீதிப் பெயின்ட்டை டின்னில் ஊற்றி மூடுங்கள். டப்பாவில் கால் பங்கு டர்பன் விட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். இன்னொரு கால் பங்கு விட்டு, அதே திறந்த இடத்தில், அட்டைப்பெட்டிக்குள் தெளிவாக வரும்வரை ஸ்ப்ரே செய்யுங்கள். மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு நாசில், காது மூடி, ஊசி, உறிஞ்சுகுழாய் எல்லாவற்றையும் கழற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். நாசில் துளையைக் குண்டூசியால் குத்த வேண்டாம். துளை கோணலானால் பட்டையும் கோணலாகவே விழும். மூங்கில் பல்குச்சி போதும். முன்னால் சொன்ன மெல்லிய காற்றுக் குழாயைத் தனியாகக் கழற்றி ஊதிப் பாருங்கள், காற்று தாராளமாகப் போக வேண்டும். மோட்டார் பாகத்தைத் தண்ணீரிலோ டர்பனிலோ முக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். ரப்பர் வளையங்களில் துளி வாஸ்லின் தடவி மாட்டிவையுங்கள்.

கழுவிய டர்பனைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் வைத்தால் ஒரு வாரத்தில் பெயின்ட் அடியில் படிந்து மேலே தெளிந்துவிடும். அடுத்த முறை முதல் அலசலுக்கு அதுவே உதவும். எனாமல் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடுவது ஆபத்து, குவியலாகக் கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் கொடியில் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு அப்புறப்படுத்துங்கள்.

பீரோவைத் தொட்டால் ஒட்டாத நிலைக்கு அன்றைக்கே வந்துவிடும், ஆனால் உள்ளுக்குள் இறுக ஒரு வாரமாவது ஆகும். அதுவரை கதவை இழுத்துச் சாத்தாமல் ஒருக்களித்து வையுங்கள். சாத்தினால் ஓரத்தோடு ஓரம் ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பெயின்ட் உரிந்து வரும். மேலே செய்தித்தாள் விரிக்கவோ பெட்டி வைக்கவோ வேண்டாம். வாசனை போனதும் கைப்பிடியை மாட்டிப் புடவைகளை அடுக்கலாம்.